இரண்டு இழுவை

சரீபின் வலக்கை பக்கத்துப் பலகையில் பச்சைத் துணிக்குள் கிடந்தது. அவனுக்கென்னவோ அது கட்டிலுக்குக் கீழே தொங்கி, முழங்கை வரை உப்புத்தண்ணீருக்குள் நிற்பதாகவே பட்டது.

கழுத்தடியில் விறைப்பு ஊசி போட்ட டொக்டர் தர்சன் ஐஸ் கட்டியை விரலில் வைத்தார். "குளிருதா, நானா?"

"நீங்க வெச்சது தெரியாது. தண்ணிக் குளிர்தான் தெரியுது."

"ஊசி போடேக்க கை கிடந்த மாதிரியேதான் மூளை நினைக்கும். பயப்பிடாதீங்க."

"அப்ப நெஞ்சிலயெல்லோ மடிச்சு வெச்சிருந்தன்."

டொக்டர் மொனிற்றரைப் பார்க்கத் தொடங்கினார்.

சரீப் கிண்ணியாச் சுழியோடி. துறைமுக வாயில் கடலடியில் தாண்டு கிடக்கும் கப்பலின் ஓட்டைக்குள் கடலட்டைக்குக் கைவிட்டு, விரல்களின் தசைநார்களை அறுத்துக்கொண்டவன். நார் பொருந்தாவிட்டால் கடல் இல்லை. போன மாரியில், கூடச் சுழியோடும் கூட்டாளி இக்ராமின் கயிறு வெறுமையாக மேலே வந்ததும் அதே இடத்தில்தான். அன்று கயிறு பிடித்திருந்தவன் சரீப்.

கயிற்றில் கீழிருந்து இரண்டு இழுவை வந்தால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். மனைவி சொல்வதைக் கேட்காத சுழியோடியும் அதைக் கேட்பான்.

ஸ்பிரிற் வாடையும், ஏசியின் முனகலும், தட்டில் கத்தரிக்கோல் உரசும் சத்தமுமாக இருந்த அந்த அறைக்குள், எங்கிருந்தோ துருப்பிடித்த இரும்பும் அழுகின சிப்பியும் மெல்ல மெல்ல மணக்கத் தொடங்க, கட்டிலுக்குக் கீழே தொங்கிய கையின் விரல் இடுக்குகளில் வேறு விரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்தன.

இழுத்தன.

இரண்டு தரம்.

சரீப் யோசிக்கவில்லை. பழகின கை. தூக்கினான்.

"கையை அசைக்காதீங்க," என்றார் துணிக்கு அந்தப்பக்கம் நாரைத் தைத்துக்கொண்டிருந்த பெரிய டொக்டர்.

"அந்தக் கை அசைய ஏலாதே, சேர்," என்றார் தர்சன்.



பின்னேரம் வார்ட்டில் தாதி றம்ஸியா வந்தாள். "உணர்வு வருதா, நானா?"

"ஓம் மிஸ்ஸி. பெருவிரல் வந்திட்டு. சின்னவிரலும் வந்திட்டு." நிறுத்தினான். "இன்னும் வந்துகொண்டே இருக்கு."

தீப்பந்தம்போலச் சுற்றியிருந்த பண்டேஜ் நனைந்திருந்தது. இரத்தமில்லை. முகர்ந்தாள். கடல்.

அவிழ்த்தாள்.

தையல் வெகு சுத்தம். சரீபின் விரல்களுக்கிடையே, சிப்பி படர்ந்த வேறு விரல்கள் கோத்திருந்தன. ஒன்றில் இக்ராமின் வெள்ளி மோதிரம். அதற்குப் பின்னால் மணிக்கட்டு. முழங்கை. கட்டில் விளிம்பால் வளைந்து கீழே போனது.

கீழே தண்ணீர் தளம்பியது.

இழுவை வந்தது. ஒன்று.

இரண்டு.