விமான நிலையத்துக்குப் போன தோசைக்கல்

தேனுஜாவும் டில்மனும் செய்த ரயில் மறுபடியும் பறந்துவிட்டது.

அது பறக்கக் கூடாது. மிதக்க வேண்டும், ஓட வேண்டும், பிறகு நிற்க வேண்டும். முதல் இரண்டையும் அது அழகாகச் செய்தது. நிற்பதற்குத்தான் அதற்கு மனம் வரவில்லை. சரிவில் வழுக்கி வந்தது. அட்டையில் செய்த விமான நிலையத்தை இடித்துத் தள்ளியது. மேசையையும் தாண்டி, ஆசிரியை ஓஸ்டர்காம்பின் காப்பிக் கோப்பைக்குள் தலைகுப்புற விழுந்தது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

“விமான நிலையத்துக்குப் போகச் சொன்னால், இது விமானமாகவே மாறிவிட்டதே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

ஆசிரியை காப்பியிலிருந்து ரயிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அதன் மூக்கு உடைந்திருந்தது. டில்மன் அதை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போனது. அந்த மூக்கை மெல்லிய மரத்தில் செதுக்கித் தேய்த்து வழவழப்பாக்க அவன் எத்தனை மாலைகளைச் செலவழித்தான் என்று தேனுஜாவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் அவர்கள் வாழும் ஹம் நகரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரு போட்டி இருந்தது. பெரிய கண்ணாடி யானை நிற்கிறதே, அந்தப் பூங்காவில்தான். நகரத்திலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் காந்த ரயிலின் மாதிரியைச் செய்ய வேண்டும். காந்தத்தின் ஒரே முனைகள் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? பாதையில் காந்தம், ரயிலின் அடியில் காந்தம். அவ்வளவுதான், ரயில் பாதையைத் தொடாமல் மிதக்கும். “ஜெர்மனியில் உருவான இந்த ரயில், இன்று சீனாவில் ஒரு விமான நிலையத்துக்கு ஓடுகிறது. நம் ஊரில்தான் இன்னும் ஓடவில்லை” என்று ஆசிரியை சொல்லியிருந்தார்.

சரிவை எல்லா அணிகளுக்கும் ஒரே உயரத்தில் போட்டியை நடத்துபவர்களே தருவார்கள். பயணிக்குப் பதிலாக, ரயிலில் ஒரு குட்டிக் கிண்ணம் நிறையத் தண்ணீர் போகும். ரயில் விமான நிலையத்துக்குள் வந்து நிற்க வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது.

வெல்கிறவர்களின் மாதிரியை விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் ஒரு மாதம் வைப்பார்கள். அந்த மண்டபத்தைத் தேனுஜாவுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் ஊரிலிருந்து ஒருவர் வந்தால், கூட்டிவர இரண்டு வான் வண்டி நிறைய ஆட்கள் போவது அவள் வீட்டு வழக்கம். பெரியவர்கள் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். சின்னவர்கள் பார்ப்பதற்கு அங்கே கதவைத் தவிர ஒன்றும் கிடையாது. தங்கள் ரயில் அங்கே நின்றால் எப்படி இருக்கும்!

ஆனால் ரயில் நின்றால்தானே? பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். ரயில் நின்றது, தண்ணீர் தாவிக் குதித்தது. கம்பளி நூல் வைத்துப் பார்த்தார்கள். ரயில் சிக்கிக் கவிழ்ந்தது.

பள்ளி விட்டதும் டில்மன் மெதுவாகச் சொன்னான். “ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை, தேனுஜா. எல்லாரும் சிரிப்பார்கள்.”

“நீ இல்லாமல் நானும் போகமாட்டேன். பாதை முழுக்க நீ செய்தது.”

அவன் பாதையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ரயில் மட்டும் தேனுஜாவின் பையில் இருந்தது.

வீட்டில் அம்மா சுஜானி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். தேனுஜா மூக்கைப் பசை போட்டு ஒட்டிக் காயவைத்தாள். பிறகு தோசையைப் பிய்த்தாள், தேங்காய்ச் சம்பலில் தொட்டாள், ஆனால் வாயில் வைக்கவில்லை.

“என்ன பிள்ளை, கன்னத்தில கை வைச்சுக்கொண்டு இருக்கிறாய்? கப்பல் கவிண்டிட்டுதோ?”

“கப்பல் இல்லை அம்மா, ரயில்.”

“சரி, சாப்பிட்டிட்டு இந்தக் கல்லைக் கழுவி வை. கவனம்! கீறல் ஒண்டும் விழக்கூடாது.”

அந்தத் தோசைக்கல் அலுமினியம். மேலே ஒட்டாத கறுப்புப் பூச்சு, நீண்ட கைப்பிடி. அதன்மேல் மரக் கரண்டியைத் தவிர வேறு எதுவும் படக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

தேனுஜா கல்லைக் கழுவித் துடைத்துச் சாய்த்து வைத்தாள். அப்போது அவள் மேல்சட்டைப் பையிலிருந்த காந்தம் ஒன்று நழுவி, கல்லின் அடிப்பக்கத்தில் விழுந்தது.

ஐயோ, கீறல்! அவள் பதறிக் கை நீட்டினாள். ஆனால் காந்தம் கீழே விழவில்லை. கல்லில் ஒட்டவும் இல்லை. தேனில் இறங்குவதுபோல மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது.

தேனுஜா அதை எடுத்து மரப்பலகையில் வைத்துச் சாய்த்தாள். சரேலென்று ஓடி விழுந்தது. பீங்கான் தட்டில் வைத்தாள். அதிலும் அப்படித்தான். மறுபடி தோசைக்கல்லில் வைத்தாள். மெல்ல, மெல்ல, மெல்ல!

“அம்மா!” என்று அவள் போட்ட சத்தத்தில் அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. “எனக்கு இந்தக் கல்லு வேணும்! ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு!”

“ஏலாது. ஞாயிறு பின்னேரம் பிரபாலினி மாமி வீட்டார் வருகினம். தோசைக்கு மா அரைக்கப் போறன்.”

“பின்னேரத்துக்கு முதல் தந்திடுவன் அம்மா. வெட்டமாட்டன். சாயம் பூசமாட்டன். சத்தியமா!”

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பளபளப்பை அந்த வாரம் முழுவதும் அவர் அங்கே பார்க்கவில்லை.

“ஒரு கீறல் விழுந்தாலும் உன்னைத்தான் கல்லில போட்டுச் சுடுவன்” என்றார். அதற்குச் சரி என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் தேனுஜா கல்லைத் துவாயில் சுற்றிக்கொண்டு, ரயிலையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் இருந்த டில்மனின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

டில்மன் திறந்தான். ரயிலைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான். “எனக்குப் பசிக்கவில்லை” என்றான்.

“இது சாப்பிட இல்லை. இங்கே பார்!”

அவள் காந்தத்தை வழுக்கவிட்டுக் காட்டினாள். டில்மன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. பிறகு கதவை அகலத் திறந்து, “உள்ளே வா, உள்ளே வா!” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

டில்மன் ரயிலின் பக்கவாட்டில் ஒரு காந்தத்தைப் பதித்தான். பாதை முடியும் இடத்தில் தோசைக்கல்லைப் பாதைக்கு மிக அருகே நிமிர்த்தி நிறுத்த, ஒரு மரத்தாங்கி செய்தான். கீறல் விழாதிருக்கத் தாங்கிக்குள் தன் நீலக் காலுறை ஒன்றைத் திணித்தான்.

“துவைத்ததுதானே?” என்று தேனுஜா சந்தேகத்தோடு கேட்டாள்.

“அநேகமாக” என்றான் டில்மன்.

இருவரும் சிரித்தார்கள். அன்று மாலை, ரயில் முதல்முறையாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா மண்டபம் நிறையக் கூட்டம். ஒரு ரயில் விமான நிலையத்தைத் தாண்டி ஓடியது. இன்னொன்று சரியாக நின்றது, ஆனால் அதன் பயணி நடுவரின் சப்பாத்தை நனைத்துவிட்டார். அடுத்து தேனுஜாவும் டில்மனும் தோசைக்கல்லைக் கொண்டுவந்து நிறுத்தியதும், மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது.

டில்மனின் காதுகள் சிவந்தன. தேனுஜா அவன் பக்கத்தில் இன்னும் நெருங்கி நின்றாள்.

நடுவர் உயரமான ஒரு பெண்மணி. குனிந்து பார்த்து, “இது என்ன?” என்று கேட்டார்.

“விமான நிலையம்” என்றாள் தேனுஜா.

“மேலே நிற்பது?”

“கட்டுப்பாட்டுக் கோபுரம்” என்றான் டில்மன், கைப்பிடியைக் காட்டி.

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிண்ணத்தில் தண்ணீரை விளிம்புவரை ஊற்றினார். “ரயில் புறப்படலாம்!”

டில்மன் கையை எடுத்தான். ரயில் சரிவில் பாய்ந்தது. தேனுஜா மூச்சை அடக்கிக்கொண்டாள். சரிவு முடிந்தது, சமதரை வந்தது, வேகம் குறையவே இல்லை. “போச்சு, பறக்கப்போகிறது!” என்று யாரோ கத்தினார்கள்.

ரயில் தோசைக்கல்லின் பக்கத்தில் வந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் இடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை பிடித்ததுபோல அது மெதுவானது. இன்னும் மெதுவானது. விமான நிலையத்தின் நடுவில், மூக்கை நேராக வைத்துக்கொண்டு, நின்றது.

கிண்ணத்தில் தண்ணீர் விளிம்பில் ஒருமுறை ஆடி அடங்கியது. ஒரு சொட்டும் வெளியே வரவில்லை.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆசிரியை ஓஸ்டர்காம்ப் நாற்காலியில் ஏறி நின்று தட்டினார்.

“இன்னொரு முறை!” என்றார் நடுவர். இன்னொரு முறையும் நின்றது. “ஏன் நிற்கிறது என்று தெரியுமா?”

“ஏன் என்று தெரியாது” என்றாள் தேனுஜா. “ஆனால் காந்தம் வேகமாகப் போனால் கல் அதிகமாகப் பிடிக்கிறது. மெதுவாகப் போனால் கொஞ்சமாகப் பிடிக்கிறது. அதனால்தான் தண்ணீர் குலுங்கவில்லை.”

நடுவரின் கண்கள் விரிந்தன. “மிகச் சரி! காந்தம் ஓடும்போது அலுமினியத்துக்குள் மின்சாரம் சுழல்கிறது, அதுதான் பிடிக்கிறது. நிஜ ரயில்களிலும் இப்படித் தடை பிடிப்பது உண்டு. நீங்கள் சமையலறையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். முதல் பரிசு உங்களுக்குத்தான்! இதை அப்படியே விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம்.”

டில்மன் தேனுஜாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அவளும் குதித்தாள். குதித்துக்கொண்டே வாசலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கல்லை வாங்கிப்போக அம்மா வந்திருந்தார்.

அப்படியே என்றால் தோசைக்கல்லோடு அல்லவா! கல் வீட்டுக்குப் போனால் ரயில் நிற்காது. கல் இங்கே நின்றால் மாமி வீட்டாருக்குத் தோசை இல்லை. வேறு கல் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் பூட்டு.

ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தான். அவள் தாங்கியிலிருந்து கல்லை மெல்லக் கழற்றி, அம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தாங்கோ அம்மா. ஒரு கீறலும் இல்லை.”

அம்மா கல்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரிசுக் கோப்பையைப் பிடித்தபடி நின்ற டில்மனைப் பார்த்தார். இன்னும் தட்டிக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தாங்கிக்குள் இருந்த நீலக் காலுறையை எட்டிப் பார்த்து, “என்ரை கல்லுக்கு ஆற்றையோ மேஸோ!” என்று தலையில் கை வைத்தார்.

அப்புறம் தானே குனிந்து, கல்லைத் தாங்கிக்குள் பத்திரமாகச் சொருகினார். கோபுரம் சரிந்து நின்றது. அதையும் நிமிர்த்திவிட்டார்.

“கல்லு இஞ்சையே நிக்கட்டும் பிள்ளை” என்றார் அம்மா. “இண்டைக்கு எல்லாருக்கும் புட்டு!”