நன்னீர்த் திட்டு

வலையில் விரால் கிடந்தது. கடலில் விரித்த வலையில்.

தம்பி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். பத்து வருடம் ஆற்றில் வலை வீசியவனுக்கு விராலைத் தெரியாமல் போகுமா? பாம்பு போலத் தட்டையான தலை, வழவழத்த கறுப்பு முதுகு, சேற்று வாடை. ஆனால் படகு நின்றதோ ஆறு கடலில் விழும் இடத்தையும் தாண்டி, கரை வெறும் பச்சைக் கோடாகத் தேய்ந்துபோன தூரத்தில். அதே வலையில் கடல் மீன்களான பாரையும் சீலாவும் துள்ளிக்கொண்டிருந்தன.

"அத்தான், உப்புத் தண்ணிக்குள்ள விரால் எப்படி வந்துச்சு?"

"வந்துச்சுன்னா வந்துச்சு. மீன்கிட்ட விலாசமா கேக்க முடியும்? பெட்டியில போடு மாப்ள." அத்தான் எஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவின் கணவர் அவர். அவர்கள் தீவில் மற்ற படகுகள் வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் அவருடையது பெட்டி நிரம்பித்தான் வரும். கூட வேலைக்கு வந்தவர்கள்தான் நிலைக்கவில்லை. ஒருவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டதாம்; இன்னொருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டானாம். மூன்றாவது ஆளும் போன மறுநாள் அக்காவே ஆற்றங்கரைக்கு வந்து நின்றாள். "நீ இருக்கும்போது நான் ஏன்டா வெளியாளைத் தேடணும்? உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. அவரோட போ." அக்கா கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை.

பொழுது சாய்ந்தது. காற்று அடங்கி, அலைகூட எழும்பாமல், கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்க, எங்கிருந்தோ ஈர இலையும் அழுகிய வேரும் கலந்த ஆற்றங்கரை வாசனை வந்து அவன் முகத்தில் மெல்லப் படிந்தது. முன்னால் ஒரு மணல் திட்டு, முழங்கால் ஆழத்தில் வெளிறித் தெரிந்தது.

"இறங்கி நில்லு. வலை முனையை நீ பிடி, நான் சுத்தி வர்றேன்," என்றவர், கயிற்றை அவன் இடுப்பில் தன் கையாலேயே கட்டினார். ஒன்றுக்கு மூன்று முடிச்சு. "இழுப்பு ஜாஸ்தி. பிடி விட்டுட்டா வலை போயிடும்."

தம்பி இறங்கினான். தண்ணீர் குளிர்ந்திருந்தது. தெறித்த துளியொன்று உதட்டில் பட, நக்கிப் பார்த்தான். உப்பில்லை. ஆற்று நீரேதான். இன்னும் இனிப்பாக.

படகு போன பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தண்ணீருக்கடியில் யாரோ நிதானமாக மூச்சு இழுத்து விடுவது போல. ஒருவர் இல்லை, பலர். திட்டு சரிந்து ஆழத்தில் இறங்கும் விளிம்பிலிருந்து வந்தது. நகர்ந்துபோய் எட்டிப் பார்த்தான்.

கீழே மனிதர்கள் நின்றிருந்தார்கள்.

மூன்று பேர். மிதக்கவில்லை, நின்றார்கள். கால்கள் மணலில் புதைந்திருந்தன, தலைமுடி பாசியாக அசைந்தது, ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு கயிறு. அண்ணாந்து பார்த்தபடி. அவர்களைச் சுற்றி மீன். அத்தனை மீனை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஓரத்தில் நின்றவனை அடையாளம் தெரிந்தது. ஓடிப்போனதாகச் சொன்ன ஆள்.

அந்த ஆள் கண் சிமிட்டினான்.

"அத்தான்!"

படகு சற்றுத் தள்ளி நின்றது. அத்தான் நங்கூரக் கல்லைத் தூக்கி விளிம்புக்கு அப்பால் போட்டார். கயிறு விறைத்தது. அப்போதுதான் பார்த்தான், தன் கயிறு வலைக்குப் போகவில்லை, அந்தக் கல்லுக்குப் போயிருந்தது.

"அத்தான், விளையாடாதீங்க!"

"கத்தாத மாப்ள. மீன் கலையும்."

"அக்கா கேட்டா என்ன சொல்வீங்க?"

அத்தான் எஞ்சின் பக்கம் குனிந்தார். பிறகு, சொல்ல மனமில்லாதவர் போல, "அவதான்டா உன்னைக் காட்டினா. ஆத்துத் தண்ணியில வளர்ந்த பிள்ளை, ரொம்ப நாள் தாங்கும்னா."

எஞ்சின் உறுமியது. தேய்ந்தது. இல்லாமல் போனது.

முடிச்சைப் பிய்த்தான். நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்தான். மூன்று முடிச்சும் தண்ணீர் குடித்து இறுகியிருந்தன. கடல் ஏறிக்கொண்டிருந்தது. தொடை. மார்பு. அக்கா சொல்லியிருக்கமாட்டாள். பொய். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். கழுத்து. மணல் காலடியில் சரிந்தது. விளிம்பு நெருங்கியது.

கீழிருந்து ஒரு கை அவன் கையைப் பிடித்தது. மென்மையாக. வரிசையில் இடம் காட்டுவது போல.

இனித்த தண்ணீர் வாய்க்குள் இறங்கியது. நெஞ்சு நிறைந்தது. செத்துவிடுவோம் என்று காத்திருந்தான்.

சாவு வரவில்லை.

வெளிச்சம் வந்தது. தலைக்கு மேலே படகின் அடிவயிறு. அதன் விளிம்பில் குனிந்து தண்ணீருக்குள் தேடும் முகம், அக்கா முகம். அவள் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்தன. அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் தன் பலத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தான். அக்கா என்ற சொல் வரவில்லை. தொண்டைக்குள்ளிருந்து மீன் குஞ்சுகள் வந்தன, வெள்ளிப் பொடியாக, நூறு, ஆயிரம், நிற்காமல்.

"பிடிச்சிருச்சுங்க," என்றாள் அக்கா அத்தானிடம், மெல்லிய குரலில். "வலையை வீசுங்க."