வலச் சக்கரத்துக்காரன்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அன்று பெய்த ஐப்பசி மழைக்கு மரியாதை என்பதே கிடையாது. குடை வைத்திருந்தவர்களையும் நனைத்தது, இல்லாதவர்களையும் நனைத்தது. கல்பாக்கம் போகும் பஸ்ஸில் எப்படியோ ஜன்னல் சீட்டைப் பிடித்துவிட்ட ஹம்சினி, பக்கத்து சீட்டில் ஒரு அட்டைப்பெட்டியை உட்கார வைத்திருந்தாள். பெட்டியின் மேல் பிளாஸ்டிக் ஷீட். அதன் மேல் அவளுடைய துப்பட்டா. நனைந்துகொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

"ஏங்க, டப்பாவ மடில வச்சிக்கினா ஒரு ஆள் குந்தலாம்ல?"

நிமிர்ந்து பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்த தலை. அதற்குக் கீழே சிரிக்கும் இரண்டு கண்கள்... பக்கவாட்டில் முறம் மாதிரி விரிந்த இரண்டு காதுகள். காதுகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள்.

"இதுக்கும் டிக்கெட் எடுத்திருக்கேன்."

"டப்பாவுக்கா?"

"ஆமா. முழு டிக்கெட்."

"அப்ப ஜன்னல் சீட்டு குடுத்திருக்கலாமே... பாவம், வெளிய வேடிக்க பாத்துக்கினு வந்திருக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹம்சினிக்குக் காது வரை சூடேறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கொளவாய் ஏரியைத் தாண்டியதும் காற்று திசை மாறி, பழுதான ஷட்டர் மடாரென்று மேலே ஏறிக்கொண்டது. சாரல் நேராகப் பெட்டியின் மேல் பாய்ந்தது. ஐயோ என்று அவள் அதன் மேல் கவிழ்வதற்குள், தலைக்கு மேலே ஒரு கை நீண்டு ஷட்டரை இழுத்துப் பிடித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை அந்தக் கை இறங்கவில்லை. சட்டைக் கைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை... சொல்லத்தான் நினைத்தாள். ரோஷம் விடவில்லை.

வேதநல்லூரில் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

வேறு வழியில்லாமல் அவனிடமே கேட்டாள். "இங்க தேரடித் தெருவில பக்தவத்சலம்னு ஒருத்தர்... அவங்க வீட்ல பழைய கண்ணாடி நெகட்டிவ் ஒண்ணு இருக்காம். அதை ஸ்கேன் பண்ணணும்."

"அவரா?" அவன் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். "ரொம்பக் கோவக்காரருங்க. ஆனா புள்ள ஒருத்தன் கீறான். தங்கமான புள்ள. அவன புடிச்சீங்கன்னா காரியம் நடக்கும்."

பெட்டியை அவனே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு ஓட்டு வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"நைனா, நம்ம வூட்டுக்கு டிக்கெட் எடுத்த டப்பா ஒண்ணு வந்துகீது."

தங்கமான பிள்ளையின் பெயர் பத்ரி. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன். ஹம்சினி கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். வாரத்தில் ஐந்து நாள் சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ரெபேக்காள் அக்காவுடையவை. பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகரான ரெபேக்காள், நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, வேதநல்லூர்க்காரர்களின் பழைய படங்களையும் பேச்சுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பங்குனித் தேர் சமயத்தில் ஊர் நடுவிலேயே கண்காட்சி வைப்பதாகத் திட்டம்.

பக்தவத்சலத்தின் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பெருமை உண்டு. தேர் ஓடும்போது சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவதும் திருப்புவதும் இரண்டு குடும்பங்களின் பொறுப்பு. இடச் சக்கரம் உப்பிலி வீட்டுக்கு. வலச் சக்கரம் பக்தவத்சலம் வீட்டுக்கு. வலதுதான் கௌரவம், முதல் மாலையும் முதல் பரிவட்டமும் அங்கேதான் போகும்.

"தேரன்னிக்கு வூட்டுப் பொம்பள மஞ்சள் பூசிக் குடுத்தாதாம்மா கட்டையக் கையில எடுப்போம்," என்றார் பெரியவர், மூலையில் கிடந்த புளியமரக் கட்டையைத் தடவியபடி. "இவன் அம்மா போனப்புறம் நானேதான் பூசிக்கினு கீறேன்."

பிறகு பட்டுத் துணியைப் பிரித்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். அவருடைய தாத்தா எத்திராஜு கட்டை போடுவதை மெட்ராஸிலிருந்து வந்த யாரோ படம் எடுத்து, கண்ணாடியையே கொடுத்துவிட்டுப் போனாராம். அதை யாரும் படமாகப் போட்டதே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் ஏதோ ஆவி மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

"படம் பதிஞ்ச மருந்துப் பக்கம் ஒராயக் கூடாதும்மா," என்றார்.

"உராயாதுப்பா. நாலு ஓரத்துலயும் அட்டை கொடுத்து, மருந்துப் பக்கம் கீழ பார்த்தாலும் எதுலயும் படாம வைக்கிறேன். படம் இடம் வலமா மாறி விழும். அதை அப்புறம் கம்ப்யூட்டர்ல திருப்பிக்கலாம்."

பெட்டியிலிருந்து ஸ்கேனரை எடுத்து, கண்ணாடியை அதில் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தாள். மூடினாள். வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. ரெபேக்காள் அக்காவின் லேப்டாப்பில் தேர் கோடு கோடாக முளைத்தது... கலசம், குதிரைகள், சக்கரம். சக்கரத்தின் அருகே ஒரு மனிதர். அவருக்கு முறம் மாதிரி இரண்டு காதுகள்.

"உங்க காது," என்று பத்ரியைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள்.

அவன் டீ டம்ளரோடு நின்றிருந்தான். கொள்ளுத் தாத்தாவைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் இல்லை அந்தக் கண்களில்... வேறு என்னவோ இருந்தது. வெளியே மழை விட்டிருந்தது. அவளுக்கு டீயை வாங்கத் தோன்றவில்லை. அவனுக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமிய பிறகுதான் இரண்டு பேருக்கும் உலகம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரம் சீக்கிரம் வந்தன. பெட்டி தூக்க பத்ரி, வீடு வீடாக அழைத்துப்போக பத்ரி, மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தர பத்ரி. "டப்பாவுக்கும் ஒரு பொட்டலம் வாங்கட்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அவள் முறைப்பாள். முறைப்பதற்காகவே அவன் கேட்க மாட்டானா என்று காத்திருப்பாள்.

வினை பங்குனியில் வந்தது. தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோயில் மண்டபத்தில் முதல் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டினார்கள். எத்திராஜுவின் படம். ஊரே கூடிவிட்டது. சற்று நேரத்தில் கூட்டத்தின் சத்தம் வேறு மாதிரி ஆயிற்று.

படத்தில் எத்திராஜு நின்றது இடச் சக்கரத்தில்.

"எங்க வூட்லயும் சொல்லுவாங்க, வலது எங்களுதுன்னு," என்றார் உப்பிலி மெல்ல. "இப்ப படமே சொல்லுதே."

தர்மகர்த்தா யோசித்தார். தேருக்கு முந்தின மாலை இரண்டு குடும்பமும் மண்டபத்துக்கு வரட்டும், பேசி முடிவு செய்யலாம், அதன்படி இந்த வருஷமே சக்கரத்தை மாற்றிவிடலாம் என்றார். பக்தவத்சலம் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். அந்த முதுகு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கூனியிருந்தது.

பத்ரி ஹம்சினியிடம் வந்தான். "எங்கியோ தப்பு கீதுங்க. உங்க மெஷின கொஞ்சம் பாருங்க."

அவள் நல்லபடியாகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உழைப்பு... ஊர் முன்னால் கேட்டுவிட்டானே என்ற சுருக்.

"மெஷினுக்கு உங்க வீடும் தெரியாது, அவங்க வீடும் தெரியாது. உங்க வீட்ல சொன்ன கதைதான் தப்பா இருக்கும்."

"எங்க நைனா பொய் சொன்னார்ன்றீங்க."

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்டித்தாங்க சொன்னீங்க."

அவன் கண்களில் சிரிப்பு அணைந்ததை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். பஸ் ஸ்டாப் வரை பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். கனத்தது.

அந்த வாரம் முழுக்க போன் அடிக்கவில்லை. அவளும் அடிக்கவில்லை. தேருக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு டவுன்ஷிப் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். வேலை ஒன்றும் இல்லை. அந்தக் காதுகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவ்வளவுதான் காரணம்.

பார்த்தாள். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு படத்தை மேலே நகர்த்தினாள்... வடங்கள், குதிரைகள், மாலைகளுக்கு நடுவே உற்சவர். இன்னும் பெரிதாக்கினாள். பெருமாளின் இடக்கையில் சக்கரம். வலக்கையில் சங்கு.

ஹம்சினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேதநல்லூர்ப் பெருமாளை அவளே எத்தனை தடவை படம் எடுத்திருக்கிறாள். வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. வேறு மாதிரி எப்போது பிடித்தார் அவர்?

"கம்ப்யூட்டர்ல திருப்பிக்கலாம்" என்று சொன்னவள் திருப்பவில்லை. மறந்தே போனாள். ஏன் மறந்தாள் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரெபேக்காளுக்கு போன் போட்டாள்.

"ஸ்கேனர் கோளாறுன்னு சொல்லிக்கலாம் ஹம்சி. இத்தனை வீட்டுக்காரங்க நம்மளை நம்பிக் குடுத்திருக்காங்க. தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சா மத்த படத்தையும் சந்தேகப்படுவாங்க."

"ஸ்கேனர் ஒண்ணும் பண்ணலக்கா. கை என்னோடது. நானே சொல்றேன்."

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் உப்பிலி வீட்டார். மறு பக்கம் பக்தவத்சலமும் பத்ரியும். அவன் தலை குனிந்தே இருந்தது. தர்மகர்த்தா பேச வாயெடுக்கும் முன் ஹம்சினி எழுந்து புரொஜெக்டரைப் போட்டாள். சுவரில் தேர் எழுந்தது.

"ஒரு வாரமா எல்லாரும் சக்கரத்தையே பார்த்தோம்," என்றாள். "பெருமாளை யாரும் பார்க்கல. இப்பப் பாருங்க."

படம் பெரிதாகியது. மாலைகள்... திருமுகம்... கைகள். முன்வரிசையில் ஒரு அம்மாள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "இன்னாடி இது, கைய மாத்திப் புடிச்சினு கீறாரு?"

"அவர் மாத்தல. நான்தான் மாத்திட்டேன். கண்ணாடியைத் திருப்பி வச்சு எடுத்தேன். படத்தைத் திருப்ப மறந்துட்டேன். தப்பு என்னோடது. எத்திராஜு தாத்தா அவர் இடத்துலதான் நின்னாரு."

ஒரு தட்டுத் தட்டினாள். தேர் ஒரு நொடியில் திரும்பியது. சக்கரம் பெருமாளின் வலக்கைக்கு வந்தது. எத்திராஜு வலச் சக்கரத்துக்கு வந்தார். மண்டபம் முழுக்க 'கோவிந்தா' என்று எழுந்த சத்தத்தில் தூணில் தூங்கிய புறாக்கள் பறந்தன. உப்பிலிதான் முதலில் சிரித்தார்.

"சாமியே சாட்சி சொல்லிட்டாரு. நான் இன்னாத்த பேசறது? எனக்கு எடதே போதும்பா."

பக்தவத்சலம் எழுந்து நின்றார். முதுகு நிமிர்ந்திருந்தது. பத்ரியும் தலையைத் தூக்கினான். கூட்டத்தில் யாரோ, "அதெப்டிம்மா மறந்த?" என்று கேட்டார்கள். மண்டபத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன ஹம்சினி இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. முகம் சிவந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கேமராவோடு தேரடித் தெருவுக்குள் வந்தபோது பக்தவத்சலம் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் கையில் மஞ்சள் குழைத்த கிண்ணம். காலடியில் புளியமரக் கட்டை.

"வா கண்ணு. கட்டைக்கு மஞ்சள் வையி."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. வீட்டுப் பெண் பூசிக் கொடுத்தால்தான்... அவர் சொன்னது காதில் திரும்ப ஒலித்தது. பத்ரி கதவோரம் நின்று தரையைப் பார்த்தான். காதுகள் இரண்டும் செக்கச்செவேல். ஹம்சினி கேமராவைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். குனிந்து கட்டை முழுவதும் மஞ்சள் பூசினாள். தூக்கி அவன் கைகளில் வைத்தாள்.

தேர் கிளம்பியது. வெயிலில் கலசம் மின்னியது. தெற்கு மூலைத் திருப்பத்தில் தேர் ஒரு பக்கமாகச் சாய, கூட்டம் மூச்சை அடக்கியது. பத்ரி ஓடிப்போய் குனிந்தான். மஞ்சள் கட்டை சக்கரத்துக்கு அடியில் நுழைந்தது. கிறீச்சென்ற சத்தத்தோடு தேர் நின்று, மெல்லத் திரும்பி, நேராக நிமிர்ந்தது. முதல் மாலை அவன் கழுத்தில் விழுந்தது. ஹம்சினி கைதட்டினாள், அழுதாள், மறுபடி கைதட்டினாள்.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு பத்ரி புழுதியும் வியர்வையுமாக அவளைத் தேடி வந்தான்.

"நேத்து ஒரு கேள்விக்கு மட்டும் நீங்க பதில் சொல்லல."

"எந்தக் கேள்விக்கு?"

"அவ்ளோ படிச்சவங்க... ஒரு தட்டு தட்டினா திரும்பற படத்த எப்டிங்க மறந்தீங்க?"

ஹம்சினி நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். இன்று ரோஷத்துக்கு லீவு.

"நான் திருப்பணும்னு கையை எடுத்தப்பதான் நீங்க டீயோட நின்னீங்க. அப்படிப் பார்த்தீங்க. அதோட எல்லாம் மறந்துபோச்சு. எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும் பத்ரி."

அவன் கழுத்து மாலையைக் கழற்றினான். அதை அவளுக்குப் போட அவனுக்குத் துணிச்சல் இல்லை, கையில் கொடுத்தான்.

"எனக்கு பஸ்லயே தெரியும்ங்க," என்றான். "டப்பாவ அவ்ளோ பத்திரமா பாத்துக்கறவங்க என்னியும் பாத்துப்பாங்கன்னு."