மூன்று கையெழுத்தும் ஓர் அலமாரியும்

"அலாரம் அடிக்கவே இல்லை சார். அந்தப் பெரியவர் இப்போ ஆஸ்பத்திரியில கிடக்கிறார்."

ஆக்சிஜன் இயந்திரக் கம்பெனியை நடத்தும் அம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பெரியவர் வீட்டில் குழாய் மடங்கிக் காற்று நின்றபோது, அடுத்த அறையிலிருந்த அவர் மனைவிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எதிரே இருந்த துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்றே அழைப்பார்கள். கூடவே திரியும் அவர் மைத்துனன் அதற்கு நேர்மாறு. "மிஷின் பழுதா?" என்று முந்திக்கொண்டான்.

"இல்லை. போன வாரம் எல்லா மிஷினுக்கும் ஒரு அப்டேட் போயிருக்கு. நாங்க அனுப்பாத அப்டேட். அதுல என்ன மாத்தியிருக்காங்கன்னு என் தம்பியாலயே இன்னும் கண்டுபிடிக்க முடியலை."

அப்படி ஒன்று போகவே முடியாது என்பதுதான் சிக்கல். எந்த அப்டேட்டுக்கும் மூவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும்: மென்பொருள் எழுதும் தம்பி, ஒரு டாக்டர், நோயாளிகள் சங்கத் தலைவர். ஆளுக்கொரு விரல் நீளச் சாவி; அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் கையெழுத்து விழும். போதாததற்கு, இயந்திரங்கள் கம்பெனியின் சொல்லை மட்டும் நம்பாமல், "உனக்கும் இதேதான் வந்ததா?" என்று இணையத்தில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு வராததை எதுவும் ஏற்காது.

"மூணு கையெழுத்தும் அசல். மூணு பேருமே போடலைங்கிறாங்க. சாவியும் தொலையலை. தொலைஞ்சிருந்தா என்கிட்ட நகல் கேட்டு வந்திருப்பாங்களே."

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன் வீட்டு பீரோவிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். கொடுத்த நாளில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை பிரியவே இல்லை. "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்லை தம்பி," என்றார்.

"டாக்டர் வெளிநாட்டுல இருந்தாராம். அவர் மேலதான் எனக்குச் சந்தேகம், அத்தான்!" என்றான் மைத்துனன்.

"கொஞ்சம் பொறு, மச்சான்."

கம்பெனியில் அம்மாளின் தம்பி தூக்கமில்லாத கண்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "பாப்பா தூங்கிட்டாளா? மூக்குல டியூப் நகராம பார்த்துக்கோ." போனை வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலை சார். பாவம் அந்தப் பெரியவர் வீட்டம்மா, அவ்வளவு சின்ன சத்தம் எப்படிக் கேட்கும்?" என்றான்.

நிதானம் தலையாட்டிவிட்டு, எல்லோரையும் அக்காவின் அறைக்கு வரச் சொன்னார். டாக்டரும் சங்கத் தலைவரும் வந்ததும் ஆரம்பித்தார்.

"உறை பிரியாத சாவி கையெழுத்துப் போடாது. அப்போ போட்டது நகல். மூணு நகலும் எங்கேம்மா இருக்கு?"

"இந்த அலமாரியில..." அவள் குரல் இறங்கியது. "திறக்கறது நானும் தம்பியும் மட்டும்தான்."

"அலாரம் அடிக்கலைன்னுதான் எல்லாரும் சொன்னீங்க. இவர் மட்டும் சின்ன சத்தம்னார். சத்தத்தைக் குறைச்சவருக்குத்தானே அது தெரியும்?"

தம்பி முகத்தை மூடிக்கொண்டான். "அது அலறும்போதெல்லாம் பாப்பா நடுங்கி எழுந்துக்கறா சார். பாதி சத்தம் போதும்னு நினைச்சேன். அவ மிஷினுக்கு மட்டும்தான் முதல்ல அனுப்பினேன். மத்ததுக்கு வரலைன்னு அது ஏத்துக்கலை. அதான் எல்லாத்துக்கும்... அந்த வீட்டம்மாவுக்குக் காது மந்தம்னு எனக்குத் தெரியாது."

அக்கா அவனைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தாள். நிதானம் மெல்லச் சொன்னார்: "ஒருத்தரை மட்டும் நம்பக் கூடாதுன்னு மூணு சாவி செஞ்சீங்க. அப்புறம் மூணையும் ஒரே இடத்துல வெச்சீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெரியவர் கண் விழித்துவிட்டார். தம்பி அழுதான். அழுதுகொண்டே உட்கார்ந்து, பழைய சத்தத்தைத் திருப்பும் அப்டேட்டை எழுதினான். அவனும் டாக்டரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"ஐயா, நீங்களும் போட்டுடுங்க. அவசரம்," என்றாள் அக்கா.

சங்கத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"போடறேம்மா. முதல்ல ஒரு மிஷினை அடுத்த ரூம்ல வெச்சு, கதவைச் சாத்திட்டு அடிக்க விடு. எனக்குக் கேட்கட்டும்."