சீவி விட்ட மணல்

ஏழாம் நம்பர் மணல் பள்ளத்துக்குள் யாரோ வெறுங்காலோடு இறங்கிப் போயிருந்தார்கள். ஏறி வந்ததற்குத்தான் அடையாளம் இல்லை.

சின்னப்பராஜ் டார்ச் அடித்துப் பார்த்தார். மார்கழிப் பனி புல்வெளி முழுக்க வெள்ளையாக இறங்கியிருந்தது. திண்டிவனம் பைபாஸில் ஓடும் லாரிகளின் இரைச்சல், பக்கத்தில் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் காட்டின் ஈர மண் வாசனை, தூரத்தில் தண்ணீர் பீய்ச்சும் குழாயின் சிக் சிக் சத்தம் எல்லாம் அந்தப் பனிக்குள் நனைந்து தாமதமாக வந்து சேர்ந்தன. தடம் கரையிலிருந்து பள்ளத்தின் நடு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

கிளப்பில் கோல்ஃப் ஆட வரும் மெம்பர்களுக்கு ஆயிரம் சட்டம் உண்டு. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பேசக் கூடாது, பெயர்ந்த புல்லை எடுத்து வைத்து மிதிக்க வேண்டும். பந்து போய் விழட்டும் என்றே வெட்டி வைத்திருக்கும் மணல் பள்ளத்தில் இறங்கியவர், பின்னோக்கி நடந்தபடி பல் வைத்த ரேக்கால் தன் தடத்தைத் தானே சீவிவிட்டு ஏற வேண்டும். மெம்பர்கள் மனசு வந்தால் சீவுவார்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறார் சின்னப்பராஜ். வேலைக்காரர்கள் மட்டும் செருப்பைப் புல் மேல் விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். செருப்புத் தடத்தைச் சீவுவது இரட்டிப்பு வேலை.

களை பிடுங்குகிற பெண்களில் யாராவதாக இருக்கும் என்று நினைத்தார். ஆனால் அவர்கள் விடிந்த பிறகுதானே உள்ளே வருவார்கள்? அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை. கூட வேலை பார்த்த இரண்டு பேர் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து புல் வெட்டுவது, மருந்தடிப்பது, மணல் சீவுவது எல்லாம் அவர் தலையில். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை மெம்பர்கள் போட்டி வேறு. தடத்தைச் சீவிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளும் தடம் இருந்தது. கொஞ்சம் ஆழமாக. அது முடிகிற இடத்தில் மணலில் நாலைந்து நீளக் கீறல்கள். தன் ரேக் போட்ட கோடுதான் என்று முதலில் பட்டது, ஆனால் ரேக் கோடு நேராக இருக்கும். இது வளைந்து வளைந்து ஒரே இடத்தை நோக்கிப் போனது. மூடி போட்டு வெகுநாள் திறக்காத பானையின் வாசனை அங்கிருந்து வந்தது. அதையும் சீவினார்.

சூப்பர்வைசர் வேங்கடேசனிடம் சொல்லிப் பார்த்தார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசுவான்.

"அண்ணே, அந்தப் பள்ளமே பேஜாருண்ணே. மத்ததுக்கு வருஷத்துக்கு ஒரு டிராக்டர் மணல் போதும், இது மாசாமாசம் கேக்குது. எங்க போவுதுன்னே தெரியல. நாளைக்கு ஒரு லோடு வருது, லேடீஸ வெச்சு நெரவிடலாம். தடம் கிடம் இருந்தா ஜல்தியா சீவி வுட்ருங்க, நாளைக்கு சனிக்கிழமையே மெம்பருங்க பிராக்டீசுக்கு வந்துருவாங்க."

சனிக்கிழமை விடியலில் மூன்றாவது முறையாகத் தடத்தைப் பார்த்தார். இந்த முறை டார்ச்சை மணலுக்குக் கிட்டே பிடித்தார்.

இடது காலில் ஐந்து விரல். வலது காலில் நாலு.

இருதயசெல்விக்கு வலது காலின் சுண்டுவிரல் பிறந்ததிலிருந்தே பக்கத்து விரல் மேல் ஏறிக் கிடக்கும். இருபது வருஷமாக அவள் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் வீட்டுச் சிமெண்ட் தரையில் அந்த ஈரத் தடத்தைத் தாண்டித்தான் அவர் தினமும் வேலைக்குக் கிளம்புகிறார். உலகத்தில் வேறு யார் காலையும் அவருக்கு அடையாளம் தெரியாது. மனைவி காலைத் தெரியும்.

ஷெட்டுக்கு ஓடினார்.

அவள் அங்கேதான் இருந்தாள். களை பிடுங்கும் வேலைக்கு அவரோடு டிவிஎஸ்ஸில் வந்து இறங்கியவள், மற்ற பெண்கள் வரும் வரை ஃபிளாஸ்க் டீயை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"காலக் காட்டு."

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

"காட்டு சொல்றேன்."

காட்டினாள். காய்ந்த கால். ஒரு மணல் பொடி கூட இல்லை.

"ஏழாம் நம்பர் பள்ளத்துக்குப் போனியா?"

"நான் எதுக்கு அங்க போறேன்? மணல் அடிச்சதும்தான் சூப்பர்வைசர் எங்கள அங்க வரச் சொல்லிக்கீறாரு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போய்வந்த தடமில்லை அது. இனிமேல் போகப் போகிற தடம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள், தூக்கம் கெட்டுப் போய் உளறுகிறார் என்று தைலம் தேய்த்துவிடுவாள். அந்தப் பேச்சுக்குக் கூட அவரிடம் தெம்பில்லை.

"மணல நானே நெரவிக்கிறேன். நீங்கள்லாம் குளத்தாண்ட கோரை புடுங்குங்க. நீ அந்தப் பக்கமே வராத."

"ஒத்த ஆளு எப்டிங்க முடியும்? நிக்கறதுக்கே தள்ளாடறீங்க."

"முடியும். வராத, அவ்ளோதான்."

வேங்கடேசனும் சரி என்றுவிட்டான். டிராக்டர் வந்து பள்ளத்தோரம் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. சின்னப்பராஜ் இடது குதிகால் பிய்ந்த, மருந்தடிக்கும் பூட்ஸைக் கூடக் கழற்றாமல் கரையில் நின்று, மண்வெட்டியால் மணலை உள்ளே தள்ளினார். இறங்கவில்லை. தள்ளியது சரிந்து நடுவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறிப் பனி விலகியது. பெண்கள் குளத்தருகே பேசுவது கேட்டது. அவள் குரலும் அதில் இருந்தது. அது போதும் என்றிருந்தது. மணல் குவியலுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்.

கண் விழித்தபோது சத்தமே இல்லை. லாரி இல்லை. குழாய் இல்லை.

புல்லின் மேல் ஒரு ஜோடி செருப்பு. நீல வார். ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் விட்டிருந்தது. அதன் அருகே டீ ஃபிளாஸ்க்.

தூங்குகிறவரை எழுப்ப மனசு வராமல், மீதி வேலையைத் தானே முடித்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். வராதே என்று சொன்ன காரணத்தாலேயே வந்திருக்கிறாள்.

"செல்வி."

தடம் கரையிலிருந்து நடு வரைக்கும் போனது. இடது காலில் ஐந்து. வலது காலில் நாலு. நடுவில் ரேக்கின் கைப்பிடி மட்டும் நட்டுக்குத்தாக நின்றது. அதைச் சுற்றி அந்தக் கீறல்கள். விரல் கீறல்கள். இப்போது நன்றாகத் தெரிந்தது.

கைப்பிடி மெதுவாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"செல்வி! மாதாவே... செல்வி!"

சட்டைப் பையில் போன் அடித்தது. வேங்கடேசன். கை தானாக எடுத்தது.

"அண்ணே, மெம்பருங்க ஆறாம் நம்பர முடிச்சிட்டு ஏழுக்கு வந்துக்கினு கீறாங்க. பள்ளத்துல தடம் ஒண்ணும் இல்லியே? சீவிட்டீங்களா?"

சீவிவிட்டால் அவள் வந்ததற்கே அடையாளம் இருக்காது. இரண்டு முறை அவரே சீவியிருக்கிறார், அவர் கையாலேயே. போனைக் கீழே போட்டார். மண்வெட்டியை எடுத்தார். இறங்க வேண்டும். அவள் உள்ளே இருக்கிறாள். இறங்கத்தான் வேண்டும். கால் வரவில்லை. அவள் இருக்கிற இடத்துக்குக் கால் வரவில்லையே என்று அழுகை வந்தது.

கைப்பிடியும் மறைந்தது.

அப்போது கரையை ஒட்டி மணல் லேசாக அமுங்கியது.

ஒரு தடம். பூட்ஸ் தடம். இடது குதிகாலில் பிய்ந்த இடம் அப்படியே பதிந்திருந்தது.

குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு காலும் புல்லின் மேல்தான் இருந்தன.

இன்னொன்று. வலது. அவளுடைய தடத்தை ஒட்டியே.

இன்னொன்று.

சின்னப்பராஜ் புல்லில் விழுந்து பூட்ஸை உருவினார். ஒன்று வந்தது. மற்றதும் வந்தது. இரண்டையும் மல்லாட்டைக் காட்டுப் பக்கம் வீசி எறிந்தார். ஈரப் புல் பாதத்தில் சில்லென்று பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார்.

அடுத்த தடம் வெறுங்காலாக விழுந்தது.