மூன்றாம் லேனில் ஒரு மவுத்து

"அல்லாவே...! ஹாஜியார் மவுத்து!"

மாம்புரிக் கடற்கரையில், திறப்பு விழாவுக்குத் தயாராக நின்ற ஐந்து நட்சத்திர ஹோட்டலே அந்த அலறலில் அதிர்ந்தது. (ஐந்து நட்சத்திரத்தையும் முதலாளியே ஒட்டிக்கொண்டது வேறு கதை!)

பௌலிங் மண்டபம். பந்து உருட்ட மூன்று பலகை லேன்கள். மூன்றாவது லேனின் தொடக்கத்தில் முதலாளி மஸாஹிர் ஹாஜியார் உயிரில்லாமல் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், ரத்தம் தோய்ந்த பௌலிங் பந்து...!

அது நேற்றுப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரம்.

இன்று காலை அதே மண்டபத்தில் சப் இன்ஸ்பெக்டர் றோசமேரி நின்றாள். எதிரே கைவிலங்கோடு மெனேஜர் ஸப்ராஸ்.

"வல்லாஹி, நான் செய்யல்ல மிஸ்! ஹாஜியார்ட மையத்தக் கண்டு கத்தினதே நான்தான்!"

"மத்தியானம் லுஹர்ல இருந்து அஸர் வரைக்கும் கரண்ட் இல்ல. வேலையாக்கள் எல்லாம் வீட்ட போயிட்டாங்க. அந்த நேரத்திலதான் அடி விழுந்திருக்கு எண்டு டொக்டர் சொல்றார். இங்க இருந்தது ஹாஜியாரும் நீயும். அப்ப, பேய் வந்து அடிச்சதா?"

ஸப்ராஸ் அழுதான். பின்னேரம் அவனை நீதவான் முன் நிறுத்த வேண்டும். பிறகு மறியல் சிறைதான்!

கதவு திறந்தது.

புத்தளத்து வெயிலில் கோட்டு. மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. ஹாஜியார் கொழும்பிலிருந்து அழைத்திருந்த பௌலிங் நிபுணர், 'கலாநிதி' ஃபைஸல். அந்தக் கலாநிதிப் பட்டமும் தானே ஒட்டிக்கொண்ட நட்சத்திரம்தான்!

"மெடம், இவன்ட மூஞ்சிலயே எழுதி இரிக்கி. தூக்கி உள்ள போடுங்க."

"நேற்று நீங்க எங்க இருந்தீங்க?"

"காலையில லேன் டெஸ்ட் செஞ்சேன். லுஹருக்கு முந்தியே கிளம்பிட்டேன்."

"டெஸ்ட் எண்டா?"

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். காஞ்ச பலகையில பந்து பிடிச்சு வளையும். எண்ணெய் பூசின பலகையில வழுக்கி நேரா போகும். மொதலாவது லேன்ல எண்ணெய் இல்ல, வாழப்பழம் மாதிரி வளைஞ்ச. ரெண்டாவதுல அரைவாசி. மூணாவது முழு எண்ணெய், நூல் புடிச்ச மாதிரி நேரா போன! உலகத் தரம், மெடம்!"

"ஆகா! ஒருக்காக் காட்டுங்களன். ரத்தக் கறையத் தாண்டி உருட்டுங்க. படமெல்லாம் எடுத்தாச்சு."

மூன்றாவது லேன். கலாநிதி குனிந்தார். உருட்டினார். ஒற்றைக் காலில் அழகாகவும் நின்றார்.

பந்து பாதி வழியில் வெடுக்கென்று வளைந்து... ஓரத்துப் பள்ளக் கானுக்குள் விழுந்தது!

"கட... கடற்காத்து, மெடம்! ஈரப்பதம்!"

பூட்டிய மண்டபத்துக்குள் எங்கே கடற்காற்று? கரண்ட் வந்ததிலிருந்து ஏஸி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

றோசமேரி குனிந்து பலகையை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக, மெழுகு போல வந்தது. முகர்ந்தாள்.

"ஸப்ராஸ், இது என்ன எண்ணெய்?"

"ஹாஜியார்ட மதுரங்குளி மில்லுத் தேங்காய் எண்ணெய், மிஸ். அமெரிக்கா டின்னுக்குள்ள அவர்தான் ஊத்தி வெச்ச."

"நான்சென்ஸ்!" கலாநிதி துள்ளினார். "இது இம்போர்ட்டட் வாசம்!"

"எங்கட வீட்ட மீன் பொரிச்சாலும் இதே இம்போர்ட்டட் வாசம்தான். ஸப்ராஸ், ஏஸிய எங்க நிப்பாட்டுறது?"

நிறுத்தினாள். பிளேன்டீ வந்தது. குடித்தார்கள். மண்டபம் வெந்தது. பலகையில் வெள்ளை கரைந்து மினுமினுப்பு வந்தது.

றோசமேரியே ஒரு பந்தைத் தூக்கி உருட்டினாள்.

நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது...!

"குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறையும், கலாநிதி. ஏஸி ஓடினா பந்து வளையும், நிண்டா வழுக்கும். நேற்றுக் காலையில இருந்து ஓடின ஏஸி நிண்டது கரண்ட் இல்லாத நேரம் மட்டும்தான். காலையிலயே போன உங்களுக்கு எப்படி நேரா போச்சு?"

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வேர்வை ஓடியது.

றோசமேரி சட்டென்று சிரித்தாள்.

"ஓ... விளங்குது! நீங்க ஒரு பந்தும் உருட்டல்ல. எங்கயோ வாசிச்சதை ஒப்புவிச்சிருக்கீங்க. அப்ப நீங்க கொலைகாரன் இல்ல, வெறும் டூப்பு! போங்க, போய் கொழும்பு பஸ்ஸைப் பிடிங்க."

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். 'ஓம்' என்று முனகினாலும் போதும். ஆள் தப்பினார்!

ஆனால், ஒட்டிய நட்சத்திரம் விடுமா?

"யாரு டூப்பு? நானா? கரண்டும் இல்லாம, கோட்டெல்லாம் நனைய நனைய, மூணு லேன்லயும் உருட்டிப் பார்த்த மனுசன் நான்!"

சொல்லி முடித்த பிறகுதான் வாய் மூடியது.

ஸப்ராஸ் வாயைப் பிளந்தான்.

"அந்தாள் சிரிச்சாரு, மெடம்..." கலாநிதியின் குரல் தேய்ந்தது. "அமெரிக்க எண்ணெய், உலகத் தரம் எண்டு நான் சொன்னதும், 'அது என்ட மில்லு எண்ணெய்டா' எண்டு சிரிச்சாரு. திறப்பு விழா மேடையிலயும் சொல்லிச் சிரிப்பேன் எண்டுட்டுத் திரும்பினாரு. கையில பந்து இருந்திச்சி..."

கைவிலங்கு கை மாறியது.

ஸப்ராஸ் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "மிஸ், ஏஸியப் போடட்டா? ஐயாக்கு வேர்த்துக் கொட்டுது."

"வேணாம். எங்கட பொலிஸ் கூட்டில ஏஸி இல்ல, இப்பவே பழகட்டும். அதுக்கு எத்தனை நட்சத்திரம் எண்டு நாளைக்கு அவரே மதிப்பிட்டுச் சொல்லட்டும்!"