நாற்பத்தோராவது வீடு

“நாலு பேரு கீறோம்மா.”

“போன தடவை மூணு பேர்னு சொல்லியிருந்தீங்களே?”

“நான் எங்கம்மா சொன்னேன்? நீதான சொன்ன.”

ஹெட்செட்டில் அந்தக் குரலுக்குப் பின்னால் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. உத்திரமேரூரில் மழை பெய்து இரண்டு மாதமாகிறது. ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி வெயிலில் எதிர்வீட்டுச் சுவர் கண் கூச வெளுத்திருந்தது. காலையிலிருந்து லேப்டாப் தானே ஒவ்வொரு வீட்டையும் அழைத்துத் தந்துகொண்டிருந்ததால், திவ்யா திரையின் மூலையில் இருந்த வீட்டு எண்ணை இப்போதுதான் பார்த்தாள். நாற்பத்தொன்று. செங்கேணியின் வீடு.

செங்கேணியின் வீட்டில் போன் கிடையாது.

சுகாதார சர்வேக்காக இரண்டு வருடம் அங்கே நடந்தே போயிருக்கிறாள். ஏரிக்கரைக்குக் கீழே, இருளர் குடியிருப்பின் கடைசிக் குடிசை. விறகுப் புகையும் ஈரமண்ணும் மணக்கும் வாசலில் கோணியை உதறிப் போட்டு, “இன்னா கேக்கப்போற, கேளு” என்று செங்கேணி சிரிப்பாள். பிறகு சர்வே போனுக்கு மாறியது. போன் இல்லாத வீடுகளுக்கு மட்டும் நேரில் போகச் சொன்னார்கள். திவ்யா போகவில்லை. தன் பழைய பட்டன் போனின் நம்பரை அந்த வீட்டுக்கு எழுதி, அதை மடியில் வைத்துக்கொண்டு அழைத்து, அவளே எடுத்து, அவளே கேட்டு, அவளே பதில் சொன்னாள். குடும்பத்தில் மூன்று பேர். கர்ப்பிணி உண்டா? இல்லை. யாருக்காவது காய்ச்சல்? இல்லை.

‘ஆம்’ என்று பதிவான வீடுகளுக்கு மறுநாளே நர்ஸ் போனார். நேரில் போயிருந்தால் கேட்கவே தேவையில்லை; ஏழு மாத வயிறு கண்ணில் பட்டிருக்கும். மூன்று வாரம் கழித்து, செங்கேணி காய்ச்சலில் வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனதாக மளிகைக்கடையில் யாரோ பேசிக்கொண்டார்கள். அன்று திவ்யா அந்த போனின் பேட்டரியைக் கழற்றிச் சாக்கடையில் போட்டாள்; போனைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்தாள்.

“யார் பேசறீங்க?”

“போன்ல கேட்டா உனக்குக் காலு நோவாது, இல்ல?” அதே சிரிப்பு. அதற்கடியில், ஒரு சின்ன வாய் சப்புகிற ஓசை. “அவரு, நானு, பெரியவ, இது. நாலு.”

ஹெட்செட்டைப் பிடுங்கிப் போட்டாள். தவளைகள் நிற்கவில்லை.

பீரோவுக்குள் கத்தின.

திறந்தாள். விறகுப் புகை. ஈரமண். மடித்த துணிகளுக்கு அடியில் பச்சை வெளிச்சம். போனை எடுத்தாள். முதுகில் பேட்டரி இல்லாத பள்ளம். திரையில் அழைப்பின் நொடிகள் ஓடின.

சுட்டது. காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி.

லேப்டாப்பில் அடுத்த கேள்வி. கர்ப்பிணி உண்டா? ‘இல்லை’யில் ஏற்கெனவே டிக். அழித்தாள். திரும்ப விழுந்தது. அழித்தாள். விழுந்தது.

உள்ளங்கையில் போன் துடித்தது. நாடி. ஒன்றல்ல, இரண்டு. பெரியது நிதானமாக. சின்னது வேகமாக.

சின்னது தடுக்கியது.

மறுபடி தடுக்கியது.

“அந்தக் கேள்விய,” என்றது குரல், மிக அருகில், “என்னாண்ட ஒருவாட்டி கேளேம்மா.”